வெறும் வயிற்றில் வரகு

"மனித குலத்தின் வரலாற்றை இனிமேல் இரண்டாகப் பிரித்துத்தான் எழுத வேண்டியிருக்கும். வரகுக்கு முன். வரகுக்குப் பின்."

முனைவர் கஸ்தூரிரங்கன் இதைச் சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கைதட்டலுக்காக இந்த இடத்தில் நான்கு விநாடி ஒதுக்கி, உரைத்தாளின் ஓரத்தில் பென்சிலால் குறித்தும் வைத்திருந்தார். எதிரே அறங்காவலர்கள் ஒன்பது பேர். இரண்டு பேர் கண்ணை மூடியிருந்தார்கள். ஒருவர் செல்போனில் பேத்தியின் நடனத்தைச் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து பேர் மெதுவடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மேசை நடுவில் ஒரு தட்டில் வரகு லட்டு கோபுரமாக அடுக்கியிருந்தது. கூட்டம் தொடங்கியபோது இருபது லட்டு. நான்கு விநாடி கழிந்தபோதும் இருபதுதான்.

ஒன்பதாவது ஆள் முத்துகிருஷ்ணன். தி. நகரில் ஆறு மாடி ஜவுளிக்கடை வைத்திருப்பவர், அறக்கட்டளையின் தலைவர், எல்லோருக்கும் அண்ணாச்சி. அவர் வடையையும் தொடவில்லை, லட்டையும் தொடவில்லை. உரையைக் கேட்டுக்கொண்டிருந்தார். கஸ்தூரிரங்கனின் உரைகளுக்குப் பன்னிரண்டு வருடங்களில் இப்படி ஒரு விபத்து நேர்ந்ததில்லை.

தென்னகத் தொன்தானிய உயராய்வு நிலையம் அடையாறில் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருக்கிறது. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட இரண்டடி நீளம் என்பதால் 'நிலையம்' மட்டும் பக்கத்து வீட்டு மாமரத்துக்குள் போய்விட்டது. தினை, சாமை, வரகு, குதிரைவாலி ஆகியவற்றின் பயன்களை அறிவியல்பூர்வமாக நிறுவுவது நிலையத்தின் நோக்கம். இதுவரை நிறுவியிருப்பவை இரண்டு கருத்தரங்குகள், வருடத்துக்கு ஒரு காலண்டர், கஸ்தூரிரங்கனின் உரைகள் மூன்று தொகுதி. ஆய்வு என்று ஏதாவது நடந்தால் அதைச் செய்கிறவள் ஜெயஸ்ரீ. ஆய்வுக்கான தானியத்தைக் கல் பொறுக்கி, கழுவி, வேகவைக்கிறவள் தேவானை. மற்றபடி அங்கே வரகை மூட்டைக்குள் பார்த்து வரகு என்று சொல்லக்கூடியவர் யாரும் இல்லை என்பது மிகை. கஸ்தூரிரங்கன் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மூட்டையில் எழுதியிருந்தது.

அவருக்கு வருகிற ஆவணியில் எழுபது முடிகிறது. எழுபதுக்கு மேல் ஒருவர் இயக்குநராக இருக்கக் கூடாது என்று அறக்கட்டளை விதி சொல்கிறது. ஆனால் அதே விதிகளில், கடைசிப் பக்கத்தில், உலகத் தரமான கண்டுபிடிப்பு ஒன்றைச் செய்தவரை 'வாழ்நாள் இயக்குநர்' ஆக்கலாம் என்று ஒரு பத்தி உண்டு. அந்தப் பத்தியை எழுதியவர் கஸ்தூரிரங்கன். வாழ்நாள் இயக்குநருக்கு அறை, கார், கதவில் பித்தளையில் பெயர், மூன்றும் உண்டு. அது கிடைக்காவிட்டால் அபிராமபுரம். வீட்டில் அவருடைய படிப்பறையை மனைவி ஜெயலக்ஷ்மி ஆன்லைன் பாட்டு வகுப்புக்கு எடுத்துக்கொண்டு ஆறு வருடம் ஆகிறது. அமெரிக்காவிலிருந்து பதினான்கு குழந்தைகள் அந்த அறையில் சரளி வரிசை பாடுகின்றன. பகல் நேரத்தில் அவர் வீட்டுக்குப் போக நேர்ந்தால், "ஏன்னா, வந்துட்டேளா, வாசல்லயே நில்லுங்கோ. காபிப் பொடி ஆயிடுத்து, போய் வாங்கிண்டு வந்துடுங்கோ" என்பாள். முனைவர் என்றோ இயக்குநர் என்றோ அந்தத் தெருவில் அவரை யாரும் கூப்பிட்டதில்லை. காபிக்கடைக்காரர் 'அரைக்கிலோ சார்' என்று கூப்பிடுவார்.

ஆகவே உலகத் தரமான கண்டுபிடிப்பு அவசரமாகத் தேவைப்பட்டது. பங்குனியில் அது நிகழ்ந்தும் விட்டது.

சோதனை எளியது. பத்துப் பேர் வெறும் வயிற்றில் வர வேண்டும். விரலில் ஒரு குத்து குத்திச் சர்க்கரை பார்த்து எழுதிக்கொள்வார்கள். பிறகு அளந்து வைத்த வரகுச் சாதத்தைச் சாப்பிட வேண்டும். அதன் பிறகு இரண்டு மணி நேரத்துக்குள் ஆறு தடவை குத்தி, சர்க்கரை எவ்வளவு ஏறுகிறது என்று பார்ப்பார்கள். ஏற்றம் குறைவாக இருந்தால் தானியத்துக்கு நல்ல பெயர். ஆட்களுக்கு ஜெயஸ்ரீ கல்லூரி மாணவர்களைச் சொன்னாள். கஸ்தூரிரங்கன் மறுத்தார். அறிவியலுக்குக் கட்டுப்பாடு வேண்டும், அது மயிலாப்பூரில்தான் மிச்சமிருக்கிறது என்றார். தாம் காலையில் நடக்கிற பூங்காவிலிருந்து ஒன்பது பேரைத் திரட்டினார். பணி ஓய்வு பெற்றவர்கள், நாள் தவறாமல் சந்தியாவந்தனம் செய்கிறவர்கள், ஏகாதசி இருக்கிறவர்கள், அவர்களின் மனைவிமார் மூன்று பேர். பத்தாவது ஆள் மகளைப் பார்க்க நியூஜெர்சி போய்விட்டதால் அந்த இடத்தில் கஸ்தூரிரங்கனே அமர்ந்தார். "தலைவன் முதலில் குத்துப்பட வேண்டும்" என்று சொல்லிக்கொண்டு அவர் பத்தாவதாகக் குத்துப்பட்டார்.

முடிவை நிலையமே எதிர்பார்க்கவில்லை. சர்க்கரை ஏறவே இல்லை. நான்கு பேருக்கு இறங்கியிருந்தது. சாப்பிட்டால் சர்க்கரையைக் குறைக்கிற தானியம் உலகத்தில் இதுவரை கேள்விப்படாதது.

ஜெயஸ்ரீ மட்டும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"சார், முதல் குத்துலயே எல்லாருக்கும் நூத்து முப்பது, நூத்து நாப்பதுன்னு இருக்கு. வெறும் வயித்துல இவ்வளவு இருக்கக் கூடாது. ஒருத்தர் ரெண்டு பேருக்குன்னா சரி. பத்துப் பேருக்குமா?"

"மயிலாப்பூர்ம்மா. நாப்பது வருஷம் ஃபைல் பாத்த உடம்பு. அந்தப் பொறுப்பெல்லாம் எங்க போகும்? ரத்தத்துலதான் நிக்கும்."

"திரும்ப ஒரு தடவை பண்ணிடலாம் சார்."

"கண்டுபிடிப்புங்கறது தினமும் நடக்கற காரியமா, திரும்பப் பண்றதுக்கு?"

அறிக்கையில் ஓர் அடிக்குறிப்பு மட்டும் சேர்த்தார்: மயிலை வாழ் முதியோரின் அடிப்படைச் சர்க்கரை மரபு காரணமாகவே சற்று உயர்ந்தது. அந்த வரியை எழுதி முடித்தபோது அவருக்குத் தம் மேல் மரியாதை கூடியது.

இப்போது, அறங்காவலர் கூட்டத்தில், கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவர் அந்த அடிக்குறிப்பைத்தான் வாசிக்கப் போனார். முத்துகிருஷ்ணன் கையைத் தூக்கினார்.

"டாக்டர் சார், ஒரு சின்ன விஷயம். எனக்குப் பதினஞ்சு வருஷமா சுகர். கடை ஷட்டர் ஏறி, சாமி கும்பிட்டு, முதல் பில் போடுத வரைக்கும் நான் பல்லுல பச்சத் தண்ணிதான் படவிடுவேன். அப்பா காலத்துப் பழக்கம். இன்னைக்குக் கடைக்கே போகாம நேரா இங்க வந்திருக்கேன். அந்த வரகுச் சோறு ஒரு தட்டு குடுங்க. இங்கயே பாத்துருவோம்."

"அண்ணாச்சி, இதெல்லாம் ஆய்வுக்கூட நெறிமுறைப்படி..."

"மெஷின் பையிலயே இருக்கு சார். நெறியா முறையா ஜெயஸ்ரீ பாப்பா குத்தட்டும்."

குத்தினாள். நூற்று முப்பத்தாறு. தேவானை வரகுச் சாதத்தைச் சூடாகக் கொண்டுவந்து வைத்தாள். அண்ணாச்சி அதை மோர்கூடக் கேட்காமல் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டார். கூட்டம் வரவு செலவை விட்டு வானிலையைப் பேசிற்று. ஒரு மணி நேரம் கழித்து ஜெயஸ்ரீ மறுபடி குத்தினாள். இருநூற்று நாற்பத்தெட்டு.

நடன வீடியோ பார்த்தவர் போனைக் கவிழ்த்து வைத்தார்.

"ஏறிட்டுல்லா சார்" என்றார் முத்துகிருஷ்ணன். குரலில் கோபம் இல்லை. சாயம் போன சேலையைத் திருப்பிக் கொண்டுவந்த வாடிக்கையாளரிடம் பேசுகிற குரல்.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கப்படாது. உங்க உடம்பு வியாபார உடம்பு. தி. நகர் உடம்பு. நாங்க சோதிச்சது மயிலாப்பூர்ல..."

"வரகுக்குப் பின்கோடு தெரியுமா சார்?"

வடை சாப்பிட்டவர்களில் ஒருவருக்குப் புரையேறியது.

முத்துகிருஷ்ணன் சட்டைப்பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். வாழ்நாள் இயக்குநர் நியமனம். தட்டச்சு செய்து முத்திரை வைத்தாயிற்று. கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. கஸ்தூரிரங்கன் அதைத் தலைகீழாகவே படித்துவிட்டார்.

"இதுல போடத்தான் பேனாவோட வந்தேன். அடுத்த வியாழக்கிழமை அதே பத்துப் பேரை வச்சு மறுபடி பாருங்க. நானும் வந்து உக்காருதேன். நீங்க சொன்ன மாதிரி வந்துச்சுன்னா அங்கயே கையெழுத்து." தாளை மறுபடி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டார். போகிற வழியில் ஒரு வரகு லட்டை எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டு இருந்த இடத்திலேயே வைத்தார்.

மறுநாள் காலை பூங்காவுக்கு ஜெயஸ்ரீயும் வந்தாள். கஸ்தூரிரங்கனுக்கு அதில் விருப்பமில்லை. ஆனால் வரவேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். ரகோத்தமன் நாலாவது சுற்று முடித்து பெஞ்சில் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். தணிக்கை அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். சோதனையில் மூன்றாம் எண்.

"மாமா, அன்னைக்கு டெஸ்டுக்கு வரும்போது காலைல ஏதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டாள் ஜெயஸ்ரீ.

ரகோத்தமன் அடிபட்டவர் போலப் பார்த்தார்.

"என்னம்மா கேள்வி இது? ராத்திரி எட்டு மணிக்கு மேல தண்ணியைத் தவிர ஒண்ணும் கூடாதுன்னு நாலு பக்கம் அச்சடிச்சுக் குடுத்தேள். கையெழுத்துப் போட்டிருக்கேன். பச்சைத் தண்ணி, அவ்வளவுதான்."

"வேற ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்லை. காலம்பற எழுந்தேன், பல் தேய்ச்சேன், காபி சாப்ட்டேன், குளிச்சேன், ஜபம் பண்ணினேன், நேரா உங்க ஆபீஸ்."

ஜெயஸ்ரீ கஸ்தூரிரங்கனைப் பார்த்தாள். கஸ்தூரிரங்கன் ஒரு மரத்தைப் பார்த்தார்.

"காபி சாப்பிட்டீங்களா?"

"காபி சாப்பிடாம மனுஷன் எப்படிம்மா எழுந்துக்கறது?"

"எத்தனை?"

"எழுந்தவுடனே ஒண்ணு. பேப்பர் வந்தப்பறம் அரை. அது நேத்திக்கு இன்னிக்கு வந்த பழக்கமா என்ன?"

"சர்க்கரை போட்டா?"

"போடாம? அதோட மேரி பிஸ்கட் ரெண்டு. அதைக் கணக்குல சேக்காதே, அது காபிக்குள்ளயே கரைஞ்சு போயிடறது."

பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஏழாம் எண் மாமி, தன் பங்குக்கு, தாங்கள் யாரையும் ஏமாற்றவில்லை என்று விளக்கினாள். மாமனார் சிராத்தத்தன்று மத்தியானம் இரண்டு மணி வரைக்கும் வாயில் ஒன்றும் போடக் கூடாது, அன்றைக்கும் காபி உண்டு. மேலே இருக்கிற பித்ருக்களே ஆட்சேபிக்காத காபியை அடையாறில் மாடியில் இருக்கிற நிலையம் ஆட்சேபிக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

மற்றவர்களையும் ஜெயஸ்ரீ அங்கேயே விசாரித்தாள். ஒன்பது பேர், ஒன்பது பதிலும் ஒன்றுதான். ஒன்றும் சாப்பிடவில்லை, காபிதான்.

காருக்குத் திரும்பும்போது அவள் சொன்னாள்: "காபிச் சர்க்கரை உச்சத்துல இருக்கும்போது முதல் குத்து குத்தியிருக்கோம் சார். அங்கேர்ந்து பாத்தா வரகு ஏத்தினது தெரியாது. வரகு எதையும் இறக்கலை. காபிதான் இறங்கியிருக்கு."

கஸ்தூரிரங்கனுக்குள் கோபம் பொங்கிக்கொண்டிருந்தது. காந்தி நகர் வருவதற்குள் அது முழுமையான ஓர் உரையாக உருத்திரண்டுவிட்டது. ஒரு நாள், ஒரே ஒரு நாள், அறிவியலுக்காக ஒரு டம்ளர் காபியை விட முடியாத இந்தக் கூட்டம் எப்படி உருப்படும்? ஏகாதசியாம், ஜபமாம். வேளைக்குக் காபி கிடைக்காவிட்டால் கடவுளையே மாற்றிவிடுகிற ஜனங்கள். இவர்களை நம்பி அவர் மனித குலத்தின் வரலாற்றை இரண்டாகப் பிரித்திருந்தார். பத்தாம் எண்ணும் அன்று காலை என்ன செய்தது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை. அவரை யாரும் விசாரிக்கவும் இல்லை.

ஆனாலும் நம்பிக்கை போகவில்லை. வரகு தம்மைக் கைவிடாது என்று நினைத்தார். காபி இல்லாமல் சோதித்தால் இன்னும் அதிகமாக இறங்கும் என்று காரணத்தோடு ஒரு குறிப்பே எழுதினார். காரணம் அரைப் பக்கத்துக்கு வந்தது. ஜெயஸ்ரீ அதைத் தட்டச்சு செய்ய மறந்துவிட்டாள்.

வியாழக்கிழமை காலை ஐந்தரைக்கெல்லாம் பத்துப் பேரும் நிலையத்தில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. ஏழு மணி வரைக்கும் கண்காணிப்பு, அதன் பிறகுதான் முதல் குத்து. வாசலில் தேவானை நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு பையாகத் திறந்து பார்த்தாள்.

"இன்னா மாமா இது?"

"வெந்நீர்ம்மா. தொண்டைக்கு."

தேவானை மூடியைத் திறந்து முகர்ந்தாள். "தொண்டைக்கு டிகாஷன் போட்ட வெந்நீரா? வச்சிட்டுப் போ மாமா, போம்போது தரேன். நீ இன்னா மாமி, புடவைக்குள்ள வச்சிக்கினு நிக்கிற? எடு."

மேசையில் ஆறு ஃப்ளாஸ்க் சேர்ந்தன. ஏழாவதாக ஒரு குழந்தைகள் தண்ணீர் பாட்டில். அதில் யானைப் படம், உள்ளே காபி. கடைசியாக வந்த கஸ்தூரிரங்கன் தோல் பையோடு நேரே உள்ளே போனார். இயக்குநரின் பையைத் திறந்து பார்ப்பது தேவானையின் வேலையில் சேராது. அவளும் எழுந்து வணக்கம் சொன்னாள்.

ஐந்தே முக்காலுக்கு அவர் கூடத்தில் நின்று பேச ஆரம்பித்தார். கட்டுப்பாடு என்றால் என்ன என்று தொடங்கி, தவம், தன்னலமறுப்பு, தங்கள் மேலேயே நோய்க்கிருமியைச் செலுத்திப் பார்த்துக்கொண்ட பெரிய விஞ்ஞானிகள் என்று வளர்ந்துகொண்டே போனார். அவர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள், உங்களால் ஒரு டம்ளரை வைக்க முடியவில்லை என்றார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் நான்கு பேர் தலைவலியில் நெற்றியை அழுத்திக்கொண்டிருந்தார்கள். ரகோத்தமனின் கை நடுங்கியது.

"ஓய் கஸ்தூரி, பேச்சை நிறுத்தும். காபியில்லாம உம்ம பேச்சு வேறயா?"

"நாக்கை அடக்கத் தெரியாதவன் நாட்டை என்ன பண்ணுவான், ரகோத்தமா?"

"நான் நாட்டைக் கேக்கலையே, காபியைன்னா கேக்கறேன்."

முத்துகிருஷ்ணன் ஆறு மணிக்கு வந்து ஓரமாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அமர்ந்தார். அவரைக் கண்டதும் உரை இன்னும் கால் மணி நேரம் நீண்டது. முடித்தபோது கஸ்தூரிரங்கனுக்குத் தொண்டை வறண்டு, உடம்பு லேசாக ஆடியது. இவ்வளவு பெரிய பொறுப்பைத் தோளில் வைத்திருப்பவருக்கு அது இயல்புதான். தம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு பத்து நிமிடம் இருந்துவிட்டு, முகம் தெளிந்து வெளியே வந்தார். ஏழு மணிக்குப் பத்தாவது நாற்காலியில் அமர்ந்து விரலை நீட்டினார். குத்தும்போது கண்ணைக்கூட மூடவில்லை.

வரகுச் சாதம் வந்தது. சாப்பிட்டார்கள். ஜெயஸ்ரீ வரிசையாகக் குத்திக்கொண்டே போனாள், எழுதிக்கொண்டே போனாள். யார் விரலிலும் இனி இடம் இல்லை என்ற நிலையில் ஒன்பதேகாலுக்குக் கடைசிக் குத்து முடிந்தது. ஏழாம் எண் மாமி அங்கேயே சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். தேவானை ஃப்ளாஸ்க்குகளை அவரவரிடம் திருப்பிக் கொடுத்தாள். நிலையத்தின் பன்னிரண்டு வருட வரலாற்றில் அங்கே முதல்முறையாக மக்கள் மகிழ்ச்சியோடு காணப்பட்டார்கள்.

ஜெயஸ்ரீ கணக்கைத் திரையில் போட்டாள்.

"ஏறுது அண்ணாச்சி" என்றாள். "அரிசி அளவுக்கு இல்லை. அரிசியைவிடக் கொஞ்சம் குறைச்சலா, கொஞ்சம் நிதானமா ஏறுது. எல்லாரும் ஏற்கெனவே சொல்ற மாதிரிதான். அளவா சாப்பிட்டா நல்லதுன்னு தைரியமா எழுதலாம்."

"அது போதுமே பாப்பா. அதை எழுதுங்க."

கஸ்தூரிரங்கன் எழுந்தார். வாழ்நாள் இயக்குநர் என்ற தாள் அண்ணாச்சியின் சட்டைப்பையில் துருத்திக்கொண்டிருந்தது. அந்த வெள்ளை ஓரத்திலிருந்து அவரால் கண்ணை எடுக்க முடியவில்லை. 'அளவா சாப்பிட்டா நல்லது' என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு ஒருவன் எதற்கு வாழ்நாள் இயக்குநர் ஆக முடியும்? அபிராமபுரத்தில் காபிக்கடை வரிசையில்தான் நிற்க முடியும்.

"ஒரு நிமிஷம்" என்றார். "பத்தாம் எண்ணைப் பாருங்கோ."

எல்லோரும் பார்த்தார்கள். திரையில் ஒன்பது கோடுகள் குன்று போல ஏறி இறங்கின. பத்தாவது கோடு படுத்துக்கிடந்தது.

"ஒன்பது பேருக்கு ஏறியிருக்கு. ஒருத்தருக்கு ஏறலை. ஏன்? இந்த ஒன்பது பேரோட யோக்கியதையை நான் இப்பப் பேச விரும்பலை. ஃப்ளாஸ்க்கோட வந்தவா. இன்னும் எங்கெங்க ஒளிச்சு வச்சிருந்தாளோ, என்னத்தைக் குடிச்சாளோ. ஆனா ஒரே ஒருத்தர், அறிவியலுக்கு எதிர்ல வாயைக் கட்டி, வயித்தைக் கட்டி உக்காந்த ஒருத்தர், அவர் உடம்புல வரகு தன் உண்மையைக் காட்டியிருக்கு. இதுதான் சரியான முடிவு. மத்த ஒன்பதும் கழிக்கப்பட வேண்டியவை."

"யாரு சார் பத்து?" என்றார் முத்துகிருஷ்ணன்.

"அடியேன்தான்."

முத்துகிருஷ்ணன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். சேலைக் கரையில் இழை எண்ணுகிறவர் போலக் கிட்டத்தில் குனிந்து பார்த்தார்.

"பாப்பா, இந்த முதல் குத்து மட்டும் வாசி. ஒண்ணுலேர்ந்து."

ஜெயஸ்ரீ வாசித்தாள். "தொண்ணூத்தி நாலு. தொண்ணூறு. நூத்தி ரெண்டு. தொண்ணூத்தி ஆறு. தொண்ணூத்தி எட்டு. எம்பத்தி ஒம்போது. நூத்தி ஒண்ணு. தொண்ணூத்தி மூணு. தொண்ணூத்தி ஏழு." நிறுத்தினாள். பிறகு, தரையைப் பார்த்துக்கொண்டு, "நூத்தி நாப்பத்தி நாலு" என்றாள்.

"அது மரபு" என்றார் கஸ்தூரிரங்கன். "அடிக்குறிப்புல இருக்கு."

"இந்த ஒம்போது பேருக்கும் அந்த மரபு அதுக்குள்ள இறங்கிப்போச்சா சார்?"

ரகோத்தமன் தம்முடைய இரண்டாவது டம்ளரை முடித்து, மேல்துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். கை நடுக்கம் நின்றிருந்தது.

"ஓய் கஸ்தூரி, ஒண்ணும் சாப்பிடலையோன்னோ நீர்?"

"ஒண்ணும் சாப்பிடலை" என்றார் கஸ்தூரிரங்கன். அது அவர் மனமறிந்து சொன்ன உண்மை. அறைக்குள் போனவர் நிலையத்தின் இயக்குநர். நாற்காலியில் உட்கார்ந்து வரகு சாப்பிட்டவர் பத்தாம் எண். அந்த இரண்டு பேரையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க அவருக்கு எழுபது வருடங்களில் ஒரு சந்தர்ப்பமும் வாய்த்ததில்லை.

முத்துகிருஷ்ணன் பேனாவின் மூடியைத் திருகி மூடினார். தாளை எடுக்கவில்லை.

அப்போது தேவானை, இயக்குநர் அறையைப் பெருக்கி முடித்து, கையில் ஒரு ஸ்டீல் ஃப்ளாஸ்க்கோடு கூடத்துக்கு வந்தாள்.

"சார், உன் மேசைக்கு அடியில இது கீது. கழுவி வச்சிடட்டா, இல்ல மிச்சத்தைக் குடிப்பியா?"

மூடியில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டி, ஜெயலக்ஷ்மியின் கையெழுத்தில் 'அவருக்கு. சர்க்கரை மூணு ஸ்பூன்' என்று எழுதியிருந்தது. உள்ளே அரை டம்ளர் காபி மீதி இருந்தது.